கெட்ட எண்ணம் வந்தாலே பாவமா? சோதனை, இச்சை பற்றி விசுவாசத்தில் புதியவர்களுக்கு

பெங்களூருவில் தமிழ் வாலிபர்கள் கூடும் வேதபாட வகுப்பு எதுவானாலும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, தப்பான எண்ணம் மனசுல வந்தாலே பாவம்தானா?" கேட்கிறவர் கூட்டம் முடிந்து, எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் கேட்பார். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமலே ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறவர்கள் இன்னும் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணம் வந்து மோதுவது சோதனை. அதற்கு இணங்குவது பாவம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் நிறையப் பேர் தேவையில்லாமல் நொந்துபோகிறார்கள். "மனசுக்குள்ள வந்தாச்சு, இனிமே செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன" என்று அதே குழப்பத்தில் விழுந்துவிடுகிறவர்களும் உண்டு.

இயேசுவே சோதிக்கப்பட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் 40 நாள் உபவாசம் இருந்தபின் பிசாசு அவரிடம் வந்ததை மத்தேயுவும் லூக்காவும் தங்கள் 4-ஆம் அதிகாரத்தில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். எபிரெயர் 4:15, அவர் "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் என்கிறது. சோதிக்கப்படுவதே பாவம் என்றால் இந்த வசனத்துக்கு அர்த்தமே இல்லை. ஆகவே அசிங்கமான ஒரு எண்ணமோ, பொறாமையோ, பழிவாங்கும் நினைப்போ ஜெப நேரத்தில் குறுக்கிட்டால், "நான் விசுவாசியே இல்லை போலிருக்கு" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று ஆதியாகமம் 22 சொல்கிறது. தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்று யாக்கோபு 1:13 சொல்கிறது. இது முரண்பாடு அல்ல. ஆபிரகாமுக்கு நடந்தது அவருடைய விசுவாசம் உறுதிப்பட வந்த பரீட்சை. யாக்கோபு பேசுவது, ஒருவனைத் தீமைக்குள் இழுக்கும் தூண்டுதலைப் பற்றி. தேவன் யாரையும் பாவம் செய்யும்படி தூண்டமாட்டார். "கடவுள் ஏன் இந்தப் பெண்ணை என் டீமுக்கு அனுப்பினார்?" என்று கேட்கிற திருமணமான ஒருவருக்கு யாக்கோபின் பதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். பழியைத் தேவன்மேலும் போடாதே, அந்தப் பெண்மேலும் போடாதே, உன் இச்சையைப் பார் என்பார்.

பாவம் எப்படிப் பிறக்கிறது

யாக்கோபு 1:14-15 இந்த விஷயத்தில் வேதாகமத்தின் மிகத் தெளிவான பகுதி: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான். பின்பு இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும், பாவம் பூரணமாகும்போது, மரணத்தைப் பிறப்பிக்கும்." இழுப்பு, சிக்கல், கரு, பிறப்பு, மரணம் என்று படிப்படியாகப் போகிறது. திடீரென்று விழுந்துவிட்டேன் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்காது. பல படிகள் இறங்கிய பிறகுதான் விழுகிறோம்.

ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையடிவார மடத்துக்குத் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்கஸ் என்ற துறவி இந்தப் படிகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். முதலில் ஒரு எண்ணமோ காட்சியோ வந்து தாக்குகிறது. அடுத்து அதனோடு நாம் பேச ஆரம்பிக்கிறோம். பிறகு சம்மதிக்கிறோம். அதற்கப்புறம் அது நம்மைச் சிறைபிடிக்கிறது, நாளடைவில் நம் சுபாவமாகவே மாறிவிடுகிறது. முதல் தாக்குதலில் பாவம் இல்லை என்று அவரும் சொல்கிறார்.

ஆபீஸ் உதாரணம் ஒன்று சொல்கிறேன். இச்சை என்றாலே பாலியல் மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம், அதனால் வேண்டுமென்றே வேறு விஷயத்தை எடுக்கிறேன். ஒருவர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கிளையன்ட்டைப் பார்க்க மெட்ரோவில் போய்வருகிறார். மாலையில் டிராவல் கிளெய்ம் போட உட்காருகிறார். கேப் என்று போட்டு 700 ரூபாய் எழுதலாமே என்று ஒரு எண்ணம் வருகிறது. இதுவரை ஒன்றுமில்லை, எண்ணம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் படிவத்தை மூடாமல் யோசிக்கிறார். "எல்லாரும்தான் போடறாங்க. மேனேஜருக்கே தெரியும். இந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் சரியா தரல. நானும் எத்தனை சனிக்கிழமை சும்மா வந்து உழைச்சிருக்கேன்." இதுதான் துறவி சொன்ன பேச்சுவார்த்தை. இதில் ஒரு வாக்கியமும் முழுப்பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். சனிக்கிழமை உழைத்தது நிஜம். ஆனால் அந்த நிஜங்கள் எல்லாம் ஒரு பொய்யைத் தூக்கிவிடத் தோள் கொடுக்கின்றன. விரல் சப்மிட் பட்டனைத் தொடுவதற்கு முன்பே உள்ளே சம்மதம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் இந்தப் பேச்சுவார்த்தைகூட நடக்காது, கை தானாக எழுதும்.

ஏதேனில் ஏவாள் சர்ப்பத்தோடு பேச நின்றதும் இதே படிதான். புதியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இரண்டாவது படியைத்தான். முதல் படி நம் கையில் இல்லை. மூன்றாவது படிக்கு வந்துவிட்டால் பலம் பெரும்பாலும் போய்விடுகிறது. போராட வேண்டிய இடம், அந்தப் பேச்சு தொடங்குகிற இடம். ராத்திரி பதினொன்றரைக்கு பி.ஜி. அறையில் ரூம்மேட் இல்லாதபோது போன் திரையில் ஒரு படம் வந்து நிற்கிறது என்று வையுங்கள். அது வந்ததல்ல பிரச்சினை. "ஒரு தடவை பார்த்தா என்ன" என்று உள்ளே ஒரு குரல் பேரம் பேச, அதற்கு நீங்கள் பதில் சொல்ல ஆரம்பிப்பதுதான் பிரச்சினை.

இயேசு பாலியல் இச்சையைப் பற்றிச் சொன்னதும் இங்கே பொருந்துகிறது. ஒரு ஸ்திரீயை "இச்சையோடு பார்க்கிற" எவனும் தன் இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று என்கிறார் (மத்தேயு 5:28). அழகைக் கண்டது குற்றம் என்று அவர் சொல்லவில்லை, இச்சிக்கும் நோக்கத்தோடு பார்ப்பதைச் சொல்கிறார். அடுத்த வசனத்தில் பிடுங்கி எறியச் சொல்வதும் பார்க்கிறவனுடைய கண்ணைத்தான். உறுப்பை வெட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, பாவத்தை அத்தனை தீவிரமாக எடுத்துக்கொள் என்கிறார். பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பிரசங்கிப்பவர்கள் இந்த வசனத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். பொறுப்பு கண்ணை வைத்திருப்பவனுடையது.

அப்படியானால் ஆசையே கெட்டதா

இல்லை. கல்லை அப்பமாக்கு என்று பிசாசு சொன்னபோது இயேசுவுக்கு இருந்தது பசி. பசி பாவமல்ல, பசியைப் படைத்தவரே தேவன்தான். அப்பமும் பாவமல்ல. பிதா காட்டாத வழியில், சாத்தான் சொல்கிற நேரத்தில், சாத்தான் சொல்கிற விதத்தில் அதை நிரப்பிக்கொள் என்பதுதான் சோதனை. நம்முடைய ஆசைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். அன்புக்கு ஏங்குவது, உடலின் தாகம், மதிக்கப்பட வேண்டும் என்ற விருப்பம், நாளைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும் என்ற கவலை எல்லாம் தன்னளவில் நல்லவை. அவை இடம் மாறிப்போகும்போது, தேவனுடைய இடத்தில் ஏறி உட்காரும்போது, 1 யோவான் 2:16 சொல்கிற மாம்சத்தின் இச்சையாகவும் கண்களின் இச்சையாகவும் ஜீவனத்தின் பெருமையாகவும் ஆகின்றன.

இங்கே திருச்சபைகளுக்குள் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மனிதனுக்குள் தங்கியிருக்கும் அந்தக் கோணலான சாய்வு, பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுக்கிறது, ஆனால் இணங்காதவரை அதுவே பாவமல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து சங்கம் என்ற ஆயர்கள் மாநாட்டில் போதித்தது. லுத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையோ அந்தச் சாய்வையும் மெய்யான பாவம் என்கிறது, அதற்கும் கிறிஸ்துவின் மன்னிப்பு தேவை என்பதற்காக. உங்கள் தோழி சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போகிறவராகவும் நீங்கள் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவராகவும் இருந்தால் இந்த வித்தியாசம் பேச்சில் தட்டுப்படும். புதியவர்கள் இதில் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. இழுப்பு இருப்பதால் ஒருவர் கைவிடப்பட்டவர் அல்ல என்பதிலும், அதற்கு எதிராகப் போராட வேண்டும் என்பதிலும் இரு தரப்புக்கும் ஒரே மனம்தான்.

யோசேப்பின் ஊர்

வெளியூரில் வாழும் நமக்கு யோசேப்பைவிடப் பக்கத்தில் நிற்கிற ஆள் வேதாகமத்தில் இல்லை. வாலிப வயதில், சொந்த அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்துக்கு வந்தவன். தெரியாத மொழி, தெரியாத ஊர். அப்பா இல்லை, அம்மா இல்லை, பத்துக் கட்டளை இன்னும் கொடுக்கப்படவே இல்லை. அவன் என்ன செய்தாலும் கானானுக்குச் செய்தி போகாது.

திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ ஊரில் இருந்தபோது உபதேசியாருக்கு நம்மைத் தெரியும், கோயில் மணி அடித்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா "ஏன்டா கிளம்பலையா" என்று கேட்பார். பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எழுந்தாலும் கேட்பாரில்லை. நகரம் நம்மைக் கெடுக்கிறது என்று பெற்றோர் சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஊரில் நம்மைச் சுற்றி இருந்த வேலி எது, நமக்குள்ளே இருந்த பக்தி எது என்று இங்கே வந்த பிறகு தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அவனை விலைக்கு வாங்கிய எகிப்திய அதிகாரி போத்திபாரின் மனைவி தன்னோடு சயனிக்க யோசேப்பை அழைத்தது ஒரு நாள் அல்ல. "நித்தம் நித்தம்" என்கிறது ஆதியாகமம் 39:10. அதே வசனத்தில் எல்லாரும் தாண்டிப்போய்விடும் ஒரு வரி இருக்கிறது. அவளுடன் சயனிக்கவும் "அவளுடனே இருக்கவும்" அவன் சம்மதிக்கவில்லை. பாவத்துக்கு மட்டுமல்ல, பாவம் நடக்கக்கூடிய தனிமைக்கும் அவன் மறுப்புச் சொன்னான். கடைசியில் வேறு வழியில்லாமல் வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். நின்று வாதாடவில்லை.

புதிய ஏற்பாடும் இதையே சொல்லித்தருகிறது. பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்று யாக்கோபு 4:7 சொல்கிறது. ஆனால் வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள் (1 கொரிந்தியர் 6:18), பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகி ஓடு (2 தீமோத்தேயு 2:22), பண ஆசையையும் விட்டு ஓடு (1 தீமோத்தேயு 6:10-11) என்கிறார் பவுல். பயமுறுத்தலுக்கும் சந்தேகத்துக்கும் முன்னால் நிற்கலாம். உடம்பு சம்பந்தப்பட்ட இச்சைக்கு முன்னால் நின்று தன் பலத்தைப் பரீட்சித்துப் பார்ப்பது பக்தி அல்ல. இரவில் போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுவது, குடிக்கிற நண்பர்களோடு டின்னருக்குச் சம்மதித்து பார்ட்டிக்கு மறுப்பது, ஒரு நம்பரை அழித்துவிடுவது எல்லாம் யோசேப்பின் ஓட்டம்தான். சோதனையோடுகூட "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 வாக்குக் கொடுக்கிறது. அடுத்த வசனத்தை நாம் சேர்த்து வாசிப்பதில்லை. அதில் பவுல் "விலகியோடுங்கள்" என்கிறார். போக்கு திறந்திருக்கும், நடக்க வேண்டியது நம் கால்.

அவள் பொய்ப்பழி சுமத்தினாள், யோசேப்புக்குக் கிடைத்த பரிசு சிறை. இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கூடாது. சரியானதைச் செய்தால் உடனே ஆசீர்வாதம் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. கர்த்தர் சிறையிலும் அவனோடே இருந்தார் என்றுதான் சொல்கிறது. கிளெய்மில் பொய் எழுத மறுத்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு வார்த்தை கூடுதலாக. யோசேப்பு வேலைக்காரன், அவள் எஜமானி. மேலிடத்தில் இருப்பவர் ஒருவர் உங்களை இப்படி நெருக்கினால் அதை உங்கள் சோதனை என்று மட்டும் எண்ணி ஜெபித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். அது அவர் செய்யும் குற்றம். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவுக்கு எதிராக 2013-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. புகார் கொடுப்பது விசுவாசக் குறைவல்ல.

கூடாரத்துக்குள் புதைத்தது

யோசுவா 7-இல் ஆகான் என்று ஒருவன். எரிகோ கொள்ளையில் எதையும் எடுக்கக் கூடாது என்ற கட்டளையை மீறி, நேர்த்தியான ஒரு பாபிலோனிய சால்வையையும் 200 வெள்ளிச் சேக்கலையும் 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளத்தையும் எடுத்தான். பிடிபட்டபோது அவனே சொல்கிறான்: கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன், என் கூடாரத்துக்குள் புதைத்துவைத்திருக்கிறேன். யாக்கோபு சொன்ன படிகள் அப்படியே இருக்கின்றன. அந்தச் சால்வையை அவனால் ஒரு நாளாவது போர்த்திக்கொள்ள முடிந்திருக்குமா? போர்த்தினால் ஊரே கேட்கும். தோண்டி எடுத்து, இருட்டில் பார்த்துவிட்டு, மறுபடி மூட வேண்டியதுதான். மறைவான பாவத்தின் இன்பம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

மறைவு இருக்கும்வரை இச்சைக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" ஜெபிக்கச் சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்குக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. மற்ற சபையார் நம்பகமான ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றிருப்பது நல்லது. பெரிய ஆளாக இருக்கத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஜெபக்குறிப்பு என்ற பேரில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறவரிடம் சொல்லாதீர்கள்.

வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. வனாந்தரத்தில் இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து, 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. இஸ்ரவேல் வனாந்தரத்தில் 40 வருஷம் தோற்ற இடங்களைப் பற்றிய பகுதிகள் அவை. நிலைமைக்கு ஏற்ற வசனத்தை எடுத்தார். பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைச் சொன்னான் என்பதால் வசனம் மந்திரம் அல்ல என்பதும் தெரிகிறது. உங்களுக்கு எது பலவீனமோ அதற்கென்று ஒன்றிரண்டு வசனங்களைத் தமிழிலேயே கற்றுக்கொள்ளுங்கள். நெருக்கடியில் தாய்மொழிதான் வாயில் வரும்.

இத்தனையும் மன உறுதிப் பயிற்சியாகத் தெரிந்தால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். தொடாதே, ருசிபாராதே என்ற கட்டுப்பாடுகள் மட்டும் இச்சையை அடக்காது என்று கொலோசெயர் 2-இல் பவுல் பச்சையாகவே சொல்கிறார். "ஆவியினாலே" சரீரத்தின் செய்கைகளை அழிக்கச் சொல்கிறது ரோமர் 8:13. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதல்ல, கிறிஸ்துவின்மேல் இன்னொரு பெரிய பிரியம் உள்ளே வளர்வது. அது ஜெபத்திலும் ஆராதனையிலும் பிறருக்கு உழைப்பதிலும் மெதுவாகத்தான் வளரும். ஒரே வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

சில கட்டுகளுக்கு மருத்துவமும் வேண்டும். மது, சூதாட்டம், ஆபாசப் படம் இவை அடிமைத்தனமாக முற்றியபின் "இன்னும் ஜெபம் பத்தல" என்று ஒருவரை நோகடிப்பது அன்பல்ல. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போதை அடிமைத்தனத்துக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இணையம், போன் பழக்கம் கைமீறிப்போனவர்களுக்கென 2014-இல் தொடங்கிய தனி கிளினிக்கும் உண்டு. போதகரோடு பேசுவதும் டாக்டரைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

விழுந்துவிட்டால்

சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்று பேதுருவிடம் சொன்ன இயேசு, அதே மூச்சில் "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் (லூக்கா 22:32). பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது அன்று இரவுதான். அதாவது, விழுவதற்கு முன்பே அவனுக்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டாயிற்று. "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று அடுத்த வேலையும் கொடுக்கப்பட்டாயிற்று. நாம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது 1 யோவான் 1:9. இதைக் கேட்டு, அப்படியானால் பாவம் செய்துவிட்டு அறிக்கை செய்துகொள்ளலாமே என்று நினைக்கிறவருக்கு ரோமர் 6-இன் முதல் இரண்டு வசனங்களே பதில்: கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாதே.

நம் சபைகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சி என்னை வருத்துகிறது. திருவிருந்து நேரத்தில் வாலிபர்கள் சிலர் தலை குனிந்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வாரம் விழுந்துவிட்டோம், தகுதியில்லை என்று நினைக்கிறார்கள். 1 கொரிந்தியர் 11:28-ஐ நிதானமாக வாசியுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்கிறது. சோதித்தறிந்து விலகிப்போகக்கடவன் என்று இல்லை. சனிக்கிழமை இரவே 51-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்து, செய்ததைப் பேர் சொல்லி அறிக்கையிடுங்கள். கத்தோலிக்கராயிருந்து, செய்தது சாவான பாவம் என்றால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நற்கருணைக்கு வாருங்கள். உங்கள் பாவத்தால் அடிபட்டவர் ஒருவர் இருந்தால் முதலில் அவரோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24, ஆகவே அவருக்குப் போன் செய்யுங்கள். கம்பெனிப் பணமாக இருந்தால் அடுத்த கிளெய்மில் கழித்துக் காட்டியோ, கணக்குப் பிரிவில் சொல்லித் திருப்பிக் கட்டியோ விடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஞாயிறு காலை மற்றவர்களோடு எழுந்து பீடத்தண்டைக்குப் போங்கள்.